மொரிதா சானுக்கு எந்தப் பாட்டு?

ஜூன் 7, சனி

புது நோட்டு. அதனால் முதலில் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

நான் வேலை பார்ப்பது ஒரகடம் பக்கம் ஒரு விருந்தினர் இல்லத்தில். கார் கம்பெனிக்கு வந்திருக்கும் ஜப்பான் இன்ஜினியர்கள் இங்கே தங்குகிறார்கள். கஸ்தூரி சித்தி சமையல். நான் காய் நறுக்குவேன், பரிமாறுவேன், மேசை துடைப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் பாட்டு மெஷினையும் பார்த்துக்கொள்வேன். வேறு யாருக்கும் அந்த ரிமோட்டைத் தொடப் பிடிக்காததால் அது என்னிடம் வந்தது. மெஷினில் ஒரு எண்ணை அழுத்தினால் இசை மட்டும் வரும். திரையில் வரி ஓடும். அவர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள்.

பாடுவதெல்லாம் பழைய அழுகைப் பாட்டுகள். என்கா என்று பெயராம். கடல், பனி, சாராயக் கடை, ரயில் போன பிறகும் நின்றுகொண்டிருக்கும் பெண். ஒரு வார்த்தை எனக்குப் புரியாது. ஆனால் குரலை ஓர் இடத்தில் நிறுத்தி, அங்கேயே ஒரு சுழற்று சுழற்றி, மெதுவாகக் கீழே இறக்குவார்கள். அது எனக்குப் புரிகிறது. பெயர் படிக்கத் தெரியாததால் நானே பெயர் வைத்திருக்கிறேன். விளக்குப் பாட்டு, பனிப் பாட்டு, குடைப் பாட்டு. திரையில் என்ன தெரிகிறதோ அது.

இன்று புதிதாக ஹிராய் என்பவர் வந்தார். எல்லோரையும் விடச் சின்னவர். இவர்களுக்குப் பெரிய தலை மொரிதா சான். சான் என்றால் நம் 'சார்' மாதிரி. எல்லோரும் பாடினார்கள், ஹிராய் மட்டும் பாடவில்லை. அவருக்கு ஒரு பழைய பாட்டும் தெரியாதாம். கண்ணாடி போட்ட ஒருவர் (நான் வைத்த பெயர் கண்ணாடிக்காரர்) என்னவோ சொல்லி அவர் முதுகில் தட்ட, எல்லோரும் சிரித்தார்கள். ஹிராயும் சிரித்தார். கை மட்டும் மேசைக்கு அடியில் கை துடைக்கும் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தது. துண்டுகளை நான்தான் பொறுக்கினேன்.

ஜூன் 9, திங்கள்

காலையில் முட்டை வைக்கப் போனபோது ஹிராய் தன் போனை நீட்டினார். அதில் மொழிபெயர்ப்பு தமிழில் வந்திருந்தது: 'தயவு செய்து முதியவர்கள் மகிழும் ஒரு சோகத்தை எனக்குப் பரிந்துரைக்கவும்.'

சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன். சித்தி, "என்னடி, முட்டைய அவன் மடியில கொட்டிட்டியா?" என்றாள்.

சாயங்காலம் அவர் தட்டுக்கு அடியில் ஒரு சின்னத் தாள் வைத்தேன். விளக்குப் பாட்டின் எண். அவர் சாப்பிட்டு முடித்து வீட்டுக்குப் போன் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் குரல் இறங்கிவிடுகிறது. யாரோ கையைப் பிடித்து உட்காரவைப்பது போல. விளக்குப் பாட்டும் அப்படித்தான் இறங்கும்.

இதை யாருக்கும் நான் விளக்கிச் சொல்லவில்லை. சொல்லவும் தெரியாது.

ஜூன் 14, சனி

பாடிவிட்டார்!

ஆரம்பத்தில் கொஞ்சம் தடுமாறினார். இரண்டாவது அடியில் அந்த இறக்கம் வந்தது பாருங்கள், கண்ணாடிக்காரர் குடித்துக்கொண்டிருந்த கிளாஸை அப்படியே வைத்துவிட்டார். மொரிதா சான் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் எல்லோரும் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டிருக்க வேண்டும், ஹிராய் என்னைக் காட்டினார். எல்லாத் தலையும் திரும்பியது. நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

ஆனால் விடவில்லை. ஒவ்வொருவராக எழுந்து வந்து "ஜீவி சான், ஒசுசுமே?" என்றார்கள். ஒசுசுமே என்றால் 'நீங்கள் எதைச் சொல்வீர்கள்' என்று அர்த்தமாம். ஓட்டலில் எது நன்றாக இருக்கும் என்று கேட்பதற்கும் அதே வார்த்தைதானாம். சளி பிடித்தவருக்குக் குடைப் பாட்டு கொடுத்தேன். அதில் மூக்கால் பாடினால்தான் நன்றாக இருக்கும். கம்பெனியில் திட்டு வாங்கி வந்தவருக்கு ரயில் பாட்டு. அதில் கடைசியில் கத்தலாம். கொடுத்ததெல்லாம் பொருந்தியது.

வீட்டுக்கு வரும்போது சித்தி ஷேர் ஆட்டோவில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "நீ என்னடி, அவங்களுக்கு ஜாதகம் பாக்குறியா?"

எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

துணி துவைத்தேன். ரேஷன் கடைக்குப் போனேன், பாமாயில் இல்லை.

ஒரு விஷயம் சரியாக நடந்தால் அம்மா உடனே பள்ளிக்கூடத்தை இழுப்பாள். "இவ்ளோ மூளை இருக்குல்ல, ப்ளஸ் ஒன்னை ஏன்டி பாதியில விட்ட?"

"பஸ் சரியில்லம்மா."

"அதே பஸ்லதான வேலைக்குப் போற?"

"அது வேற டைம்."

பஸ் சரியில்லாததால்தான் விட்டேன். தமிழ் மிஸ் என்னை எழுந்து நின்று படிக்கச் சொன்ன அன்று நடந்ததை இங்கே எழுத வேண்டியதில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஜூன் 18, புதன்

ஹிராய் போனில் ஒரு பழைய ஜப்பான் டிவி நிகழ்ச்சி காட்டினார். பாடகி வந்து நிற்கிறார். முன்னிசை ஓடுகிறது. ஓரத்தில் கோட்டு போட்ட ஒருவர் அந்த இசை மேலேயே பேசுகிறார். பாடகியைப் பற்றி, பாட்டில் வரும் ஊரைப் பற்றி, மழையைப் பற்றி. முன்னிசை முடிகிற நொடியில் அவர் பேச்சும் முடிகிறது. ஒரு நூல் கூட மிச்சமில்லை. அந்த இடத்தில் பாடகி வாயைத் திறக்கிறார். எனக்குப் புல்லரித்தது.

நம் ஊர்த் திருவிழா ஆர்கெஸ்ட்ராவிலும் ஒருவர் பேசுவார். ஆனால் அவர் முடித்த பிறகுதான் கீபோர்டே ஆரம்பிக்கும்.

அந்தப் பாடகிக்குக் குரல் தடிமன். அவ்வளவு தடிமனான குரலை வைத்துக்கொண்டு நகை போட்டுக்கொண்டு நடுமேடையில் நிற்கிறார். இன்னொரு முறை போடச் சொன்னேன். ஹிராய் மூன்று முறை போட்டார்.

இன்று அவருக்கு மீன் துண்டு பெரியதாக விழுந்துவிட்டது. தற்செயல்தான்.

ஜூன் 21, சனி

எழுத முடியவில்லை. நாளை எழுதுகிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

அடுத்த சனிக்கிழமை மொரிதா சானுக்கு வழியனுப்பு விழா. நாலு வருஷம் இருந்துவிட்டு ஊருக்கே போகிறார். அதற்கு முன்னால் ஹிராய் பெரிய பாட்டாக ஒன்று பாடினால் அவரிடம் நல்ல பெயர் வாங்கலாம் என்று எனக்குத் தோன்றியது. யாரும் கேட்கவில்லை. எனக்கே தோன்றியது.

மெஷினில் ஒரு பட்டன் இருக்கிறது. எந்தப் பாட்டு அதிகம் பாடப்பட்டதோ அதற்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டுக் காட்டும். முதல் இடத்தில் இருந்தது பனிப் பாட்டு. மெஷினைத் துடைக்கும்போது நானே போட்டுப் பார்த்ததுதான், நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து யாரும் அதைப் பாடிக் கேட்டதில்லை. ஆனால் முதல் இடம். எல்லோருக்கும் பிடித்த பாட்டு, ஏனோ மறந்துவிட்டார்கள், நாம் ஞாபகப்படுத்தினால் மகிழ்வார்கள் என்று நினைத்தேன்.

ஹிராய் ஒரு வாரம் போனில் கேட்டுப் பழகினார். நேற்று மிக நன்றாகப் பாடினார். உச்சியில் குரல் உடைகிற இடத்தில் சரியாக உடைந்தது.

யாரும் கை தட்டவில்லை.

கண்ணாடிக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொரிதா சான் மட்டும் இரண்டு முறை தட்டினார். ஏதோ நல்ல வார்த்தை சொன்னார். பழம் வருவதற்குள் எழுந்து அறைக்குப் போய்விட்டார். ஹிராயின் முகம் வெளுத்துப்போயிருந்தது. தப்பு என்ன என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

காலையில் டிரைவர் ஏகாம்பரம் அண்ணன்தான் சொன்னார். நாலு வருஷமாக மொரிதா சானுக்கு அவர்தான் கார் ஓட்டுகிறார்.

"ஏன் பாப்பா, அது அவர் பாட்டாச்சே! இவங்கள்ல ஆளுக்கு ஒரு பாட்டு உண்டு. ஒருத்தர் பாட்டை அவர் இருக்கிற எடத்துல இன்னொருத்தர் தொட மாட்டாங்க. மரியாதை அது."

"அவர் பாடி நான் பாத்ததே இல்லண்ணா."

"போன வருஷம் தொண்டையில ஆபரேஷன். டாக்டர் பாடக் கூடாதுன்னுட்டார். இப்ப ரெண்டு மாசமா கார்ல முணுமுணுன்னு ப்ராக்டீஸ் பண்ணிட்டு வராரு. வழியனுப்புற அன்னிக்குப் பாடணும்னு."

மெஷினில் அந்த நட்சத்திரம் எல்லோரும் போட்டதல்ல. ஒரே ஒருவர் போட்டது.

மேனேஜர் தாமோதரன் சார் கூப்பிட்டார். "ஏம்மா, உன்னை மெஷினை அழுத்தச் சொன்னா நீ கம்பெனியையே அழுத்திட்டியே. இனிமே நீ ஹாலுக்கே வர வேணாம். பாத்திரம் கழுவு போதும்."

தலையாட்டினேன். எப்போதும் போல.

ஜூன் 24, செவ்வாய்

பாத்திரம். அவர்கள் கிண்ணங்கள் சின்னதாக இருந்தாலும் எண்ணிக்கை அதிகம்.

ஹிராய் இப்போது எல்லோரும் எழுந்த பிறகுதான் சாப்பிட வருகிறார். இன்று தன் கிண்ணத்தைத் தானே பின்கட்டுக்கு எடுத்து வந்தார். போனில் எழுதிக் காட்டினார்: 'பிழை உன்னுடையது அல்ல. கேட்காமல் பாடியது நான்.'

நான் அவர் போனை வாங்கி, ஈரக் கையால், 'மொரிதா சான் அவர் பாட்டைப் பாடுவாரா' என்று தட்டினேன். அவர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். இல்லை. சனிக்கிழமை பாடப் போவதில்லை என்று சொல்லிவிட்டாராம். சின்னவன் இவ்வளவு நன்றாகப் பாடிய பிறகு, இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு எப்படிப் பாடுவது என்று சிரித்தாராம். ஹிராயை ஒரு வார்த்தை திட்டவில்லையாம். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று ஹிராய் எழுதினார்.

நாலு வருஷத்துக்கு ஒரு சாயங்காலம். அதை நான் பிடுங்கிக்கொண்டேன்.

ஜூன் 25, புதன்

இன்றும் பாத்திரம்.

ஜூன் 26, வியாழன்

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் தட்டு வைக்கிற ஜன்னல் ஒன்று உண்டு. மூன்று நாளாக அங்கே நின்று மொரிதா சான் பேசுவதைக் கேட்கிறேன். சாதம் கேட்கும்போது, டீ கேட்கும்போது, கண்ணாடிக்காரரிடம் சிரிக்கும்போது.

பனிப் பாட்டு அவருக்கு வராது. ஹிராய் பாடியிருக்காவிட்டாலும் வராது. அது உயரத்தில் போய் உடைகிற பாட்டு. இவர் குரல் ஏற்கெனவே உடைந்துதான் இருக்கிறது. கீழே, மரப் பலகையை இழுப்பது மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு ஒரு பாட்டு இருந்தாக வேண்டும்.

மத்தியானம் எல்லோரும் கம்பெனிக்குப் போயிருந்தார்கள், மேனேஜர் பாங்குக்குப் போயிருந்தார். ஹாலுக்குப் போய் மெஷினைப் போட்டேன். தேடித் தேடிக் கடைசியில் கிடைத்தது. திரையில் ஒரு பழைய படகு, கரையில் கட்டிக் கிடக்கிறது. முழுக்கக் கீழ் ஸ்வரம். நீளமான முன்னிசை. யாரும் ஒரு தடவை கூடப் பாடாத பாட்டு, அதை முதலில் பார்த்துக்கொண்டேன். சுருதியை இன்னும் இரண்டு படி இறக்கினேன். சரியா என்று பார்க்க நானே முணுமுணுத்தேன். பிறகு கொஞ்சம் சத்தமாக.

சித்தி கரண்டியோடு ஓடி வந்தாள். "யார்றி அது? எவனோ ஆம்பளை வந்துட்டான்னு பயந்துட்டேன்!"

சித்தி விளையாட்டுக்குத்தான் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்டி இருந்துச்சு" என்றாள். பிறகு அவளே ரிமோட்டை வாங்கித் துணியால் துடைத்து வைத்தாள், போலீஸ் வந்து கைரேகை எடுக்கப் போகிற மாதிரி.

ஹிராயிடம் எண்ணைக் கொடுத்தேன். மொரிதா சான் பழைய ஆள், பாட்டு தெரியுமா என்று மட்டும் கேட்கச் சொன்னேன். சாயங்காலம் பதில் வந்தது. சின்ன வயதில் அவர் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டாம். ஆனால் வேண்டாம் என்றுவிட்டாராம்.

ஜூன் 28, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். விட்டுவிடக் கூடாது.

சித்தி காலையிலிருந்து மீன் பொரித்தாள். ஹாலில் பலூன். கம்பெனியிலிருந்து நம் ஆட்களும் வந்திருந்தார்கள், முப்பது பேருக்கு மேல் இருக்கும். நான் பின்கட்டில். மெஷினைத் தாமோதரன் சாரே எடுத்துக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் ஒரு எண் சொன்னார். சார் அழுத்தினார். வந்தது ஏதோ குழந்தைப் பாட்டு. திரையில் முயல்கள் குதித்தன. கண்ணாடிக்காரர் பாவம், மைக்கைப் பிடித்துக்கொண்டு முயல் மாதிரியே நின்றார். இரண்டாவது முறை அழுத்தினால் திரை முழுக்க ஊதா நிறம். மூன்றாவது முறை மெஷின் அணைந்தே போனது. ஹிராய் எழுந்து, "ஜீவி சான்!" என்று கூப்பிட்டார். பிறகு இன்னொருவர். பிறகு எல்லோரும்.

சார் ஜன்னலுக்கு வந்தார். "ஏம்மா, வந்து சரி பண்ணு. பண்ணிட்டுப் போயிடு."

சித்தி என் கையிலிருந்த தேய்ப்பானைப் பிடுங்கினாள். "போடி. கையைத் துடைச்சிட்டுப் போ."

சரி செய்தேன். போகவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. வரிசையாகப் பாடினார்கள். ஹிராயை அழைத்தபோது எழுந்து குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கடைசியில் எல்லோரும் மொரிதா சானைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை ஆட்டினார். வேண்டாம், வேண்டாம். சிரித்துக்கொண்டுதான். அப்படியே விட்டிருந்தால் விழா முடிந்திருக்கும். சார் பூமாலையை எடுக்கப் போனார்.

நான் படகுப் பாட்டின் எண்ணை அழுத்தினேன்.

முன்னிசை ஆரம்பித்தது. திரையில் படகு. மொரிதா சான் திரையைப் பார்த்தார், எழவில்லை. மைக் மேசையில் கிடந்தது. இசை போய்க்கொண்டே இருக்கிறது. யாரும் எடுக்காவிட்டால் அது பாட்டுக்குள் போய்விடும், வெறும் வரி மட்டும் ஓடும். அதைவிட அவமானம் வேறில்லை. அவருக்கும் பாட்டுக்கும்.

மைக்கை நான் எடுத்தேன்.

எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை. என் குரல் ஸ்பீக்கரில் வந்ததைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். அவ்வளவு தடிமனாக, அவ்வளவு பெரிதாக. வகுப்பில் சிரித்த மாதிரி யாராவது சிரிப்பார்கள் என்று ஒரு கணம் நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. சொன்னது இதுதான்:

"கடல் தூரத்துல இருக்கு. இங்க இருக்கறது ஒரகடத்து வெயில். அந்த வெயில்ல நாலு வருஷம் நின்னவர் ஒருத்தர். மோர் குடிக்கக் கத்துக்கிட்டவர். கார்ல யாருக்கும் கேக்காம பாடிக்கிட்டு வந்தவர். கரையில கட்டிப் போட்ட படகுக்கு மேல தண்ணி ஏறுது. கயிறு இழுக்குது. படகு கெளம்பணும். பாட வர்றார்…"

இன்னும் கொஞ்சம் இசை மிச்சமிருந்தது. காத்திருந்தேன். கடைசிச் சொட்டில் சொன்னேன்.

"மொரிதா சான்!"

ஜப்பான்காரர்களுக்குப் புரிந்த ஒரே சொல் அதுதான். ஆனால் அது விழுந்த இடம் எல்லோருக்கும் புரிந்தது. அப்படிப் பெயர் சொல்லி அழைத்த பிறகு எழாமல் இருப்பது அவர்களிடம் கிடையாது போலிருக்கிறது. அவர் எழுந்தே விட்டார். கண்ணாடிக்காரர் நாற்காலியை இழுத்து வழிவிட்டார். மைக்கைக் கொடுத்தேன். முதல் வரி போய்விட்டது. இரண்டாவது வரியில் பிடித்தார்.

அந்த மரப்பலகைக் குரல் பாட்டுக்குள் போய் உட்கார்ந்தது. சங்குக்குள் நண்டு மாதிரி. மூச்சு வாங்கிய இடத்தில் படகு நின்றது போல இருந்தது, தப்பாகவே தெரியவில்லை. ஒரு இடத்தில் வரியை மறந்து 'ம்ம்' என்றார். அதுதான் மிக நன்றாக இருந்தது. பின்வரிசையில் ஏகாம்பரம் அண்ணன் அவர் கூடவே வாயசைத்தார், என்ன வார்த்தையோ.

முடிந்ததும் கை தட்டல் ஓயவில்லை. மொரிதா சான் ஹிராயை எழச் சொன்னார். தன் பாஷையில் ஏதோ சொன்னார். பிறகு நம் ஆட்களுக்காக இங்கிலீஷில். தாமோதரன் சார் அதைத் தமிழில் சொன்னார்: "பனிப் பாட்டை இனி நீ வெச்சுக்கோன்னு ஹிராய்கிட்ட சொல்றார். இவருக்கு இப்ப புதுப் பாட்டு கெடைச்சிடுச்சாம்."

ஹிராய் குனிந்தார், ரொம்ப நேரம் நிமிரவில்லை.

பிறகு மொரிதா சான் என் பக்கம் திரும்பி, "ஒசுசுமே?" என்று படகைக் காட்டினார்.

"ஆமா," என்றேன். தமிழில். மைக் இல்லாமல். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

ஜூன் 29, ஞாயிறு

மொரிதா சான் காலையில் கிளம்பிவிட்டார். ரிமோட் திரும்ப என்னிடம். தாமோதரன் சார், "நீயே வெச்சுக்கம்மா, அந்த முயலை இனி என்னால பாக்க முடியாது" என்றார்.

ஜூன் 30, திங்கள்

சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் சித்திக்குப் பக்கத்தில் பூக்காரம்மா ஒருத்தி. ஆட்டோ நகர்வதற்குள் சித்தி ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க பொண்ணு மைக்கைப் புடிச்சிப் பேசினா பாருங்க, கணீர்னு! அந்த ஜப்பான்காரர் பொல பொலன்னு அழுதுட்டார்."

மொரிதா சான் அழவில்லை. கண்ணாடிக்காரர்தான் மூக்கைத் துடைத்தார், அதுவும் சளியாக இருக்கலாம். நான் திருத்தவில்லை.

"என்ன பேசின கண்ணு? எங்க, சொல்லு கேப்போம்," என்றாள் பூக்காரம்மா.

டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார், பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார். எதிரில் உட்கார்ந்திருந்த இரண்டு கம்பெனிப் பையன்களும் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். அந்தம்மா இறங்க வேண்டிய கூட்ரோடு தெரிந்தது. அதற்குள் முடித்தாக வேண்டும்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடல் தூரத்துல இருக்கு," என்றேன்.